தகரக் கொட்டகையில் விட்டுவந்த கொலைகாரன்

முதல் துளி தகரக் கூரையில் 'டொக்'கென்று விழுந்த சத்தம் இன்னும் காதிலேயே இருக்கிறது...

புதுவயல் அரிசி மில்லில் நெல் காயப்போடுகிற வேலை எனக்கும் கருப்பையாவுக்கும். அன்றைக்கு டூரிங் கொட்டகையில் ஞாயிற்றுக்கிழமை மேட்னி. துப்பறியும் படம். தொப்பி, நீளக் கோட்டு, பூதக்கண்ணாடி, ஒரு கைத்தடி... அந்தத் துப்பறிகிறவர் எல்லாரையும் ஹாலில் வரிசையாக நிறுத்தி, நிதானமாகக் கைத்தடியைத் தூக்கிச் சமையல்காரன் பக்கம் நீட்டினார்.

அப்போதுதான் அந்த 'டொக்'.

களத்தில் அவித்த நெல் காய்கிறது. நனைந்தால் போச்சு. கொட்டகையில் பாதிப் பேர் மில்லில் வேலை பார்ப்பவர்கள். பெஞ்சில் இருந்த எங்கள் மேஸ்திரி ஒரு சத்தம் போட, மொத்தமாக எழுந்து ஓடினோம். கருப்பையா மட்டும் கடைசியாக வந்து சேர்ந்தான். செருப்பைத் தேடினானாம்.

மறுநாளே படத்தைத் தூக்கிவிட்டார்கள்.

கொலைகாரன் சமையல்காரன் என்றேன் நான். டாக்டர் என்றான் அவன். எப்படிடா என்று கேட்டால் நெல்லைக் கிண்டிவிடப் போய்விடுவான். விடுவேனா? அவனுக்கு 'டாக்டர்' என்றே பேர் வைத்தேன். ஊரே அப்படித்தான் கூப்பிட்டது. வெளியூர்க்காரர் ஒருத்தர் நிஜமாகவே நாக்கை நீட்டிக்கொண்டு அவன் வாசலில் நின்றார். ஐம்பது வருசம்...

போன வாரம் பேரன் யூடியூபில் அந்தப் படத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தான். கைத்தடி சமையல்காரன் பக்கம் போனது... நிற்கவில்லை. அவனைத் தாண்டி டாக்டர் நெஞ்சில் போய் நின்றது.

சரியாகச் சொன்னவனையா இத்தனை வருசம் ஓட்டினேன்?

மறுநாள் காலையில் பஸ் ஏறி வலையபட்டியில் அவன் வீட்டுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை.

"மாப்ள... டாக்டர்தான்டா."

அவன் வெற்றிலை மெல்வதை நிறுத்தவில்லை. "தெரியும். நான்தான் உக்காந்து முழுசாப் பாத்தேனே. சொல்லியிருந்தா மேஸ்திரி வேலைய விட்டுத் தூக்கியிருப்பான்."

"அந்த ஆளு செத்தே முப்பது வருசமாச்சு. அதுக்கப்புறம் சொல்றதுக்கென்ன?"

அதற்குள் அவன் சம்சாரம் மோரோடு வந்தது. "இப்பத்தான் பாத்தீகளாண்ணே? நான் வாக்கப்பட்டு வந்தப்பவே இவுக சொல்லிட்டாக. நீங்க கேலி பண்ணிட்டுப் போனதும் நாங்க ரெண்டு பேரும் கதவச் சாத்திட்டுச் சிரிப்போம்."

இப்போது மில்லில் நெல் காயவைக்க டிரையர் மெஷின் வந்துவிட்டது. மழைக்கு யாரும் ஓடுவதில்லை. விட்டுப்போன சீனைச் செல்போனில் பின்னால் தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம்.

ஐம்பது வருசச் சிரிப்பு... அது என்னுடையது என்றுதான் நினைத்திருந்தேன்.