எண் சேராத உள்கூடு

ரூனே ஓய்வு பெற்றபோது டிராம் டிப்போக்காரர்கள் அவருக்கு ஒரு கைக்கடிகாரம் பரிசளித்தார்கள். கோத்தன்பர்க் நகரத்தில் முப்பது வருடத்துக்கு மேல் டிராம் ஓட்டியவர், வண்டி ஒரு நிமிடம் பிந்தினால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காத மனிதர். அவருக்குப் போய் கடிகாரம்! எரிகிற நெருப்பில் எண்ணெய் வார்த்த கதைதான். மகள் வீட்டுக்குப் போனால் சுவரில் படம் கோணலாக இருக்கிறதென்று முதலில் அதை நிமிர்த்திவிட்டுத்தான் பேரப்பிள்ளையைத் தூக்குவார்.

"ரூனே, உன் காலடியில என்ன எறும்புப் புத்தா இருக்கு? கொஞ்ச நேரம் உக்காரேன்," என்பார் மனைவி சிவ்.

உட்கார முடியாதவர் பழைய ஃபிலிம் கேமராவில் போய் விழுந்தார். படம் எடுப்பதில் பெரிய ஆசை கிடையாது. வாங்க வேண்டும், எந்த வருடத்தில் செய்தது என்று கண்டுபிடிக்க வேண்டும், அதில்தான் சுகம். இதே ஊரில் செய்த கேமரா என்றால் கேட்கவே வேண்டாம். எண்ணுக்கு முன்னால் இரண்டு எழுத்து இருக்கும், தெரிந்தவர்களுக்கு அதுவே பிறந்த வருடம்.

மே மாதம் மயோர்னா பகுதியில் வீட்டுக்கு வீடு முற்றத்தில் பழைய சாமான்களைப் பரப்பி விற்பார்கள். அங்கே ஓர் இளம் தம்பதியிடம் அப்படி ஒரு கேமரா கிடைத்தது. இறந்துபோன அத்தை இங்கெலாவுடையதாம். வீட்டுக்கு வந்ததும் ரூனே கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். கேமரா எழுபத்தொன்றில் செய்தது. பின்னால் மாட்டும் ஃபிலிம் பெட்டி, அதைத் தனியாகவும் வாங்கலாம், எழுபத்தெட்டு. எல்லாம் ஆனந்தம்தான், பெட்டியைத் திறக்கும்வரை.

அந்தப் பெட்டிக்குள் ஃபிலிமைச் சுற்றும் உள்கூடு ஒன்று உண்டு. பெட்டியின் கடைசி மூன்று எண்கள் உள்கூட்டிலும் இருக்க வேண்டும், இரண்டும் ஜோடியாகவே பிறந்தவை. இங்கே பெட்டியில் 862, உள்கூட்டில் 417.

"சேரலியா? படம் விழாதா?" என்று கேட்டார் சிவ்.

"விழும். படத்துக்குப் படம் இடைவெளி கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும்."

"அவ்வளவுதானே? நமக்குள்ள இல்லாத இடைவெளியா? விட்டுத் தள்ளு."

விடுகிற ஆளா அவர்? காலில் தைத்த முள்ளாக அந்த 417 அவரை நடமாட வைத்தது. அடுப்படிக்கும் ஜன்னலுக்கும் நடந்தார். கடைசியில் விற்ற தம்பதிக்கே போன் போட்டார். அத்தை ஒரு காலத்தில் ஆலிங்சோஸ் ஊரில் சிக்ஸ்டன் என்பவரின் ஸ்டுடியோவில் வேலை பார்த்தார் என்று தெரிந்தது. சிக்ஸ்டன் போன இலையுதிர் காலத்தில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் மனைவி குன்வர் போனை எடுத்தார், இங்கெலாவின் கேமராவில் உள்கூடு மாறியிருப்பதை ரூனே சொன்னார்.

"அவர் கேமரா அலமாரியிலதான் தூங்குது. வாங்க, வந்து பாருங்க. காபி போடுறேன்," என்றார். குரலில் வயதும் இருந்தது, ஆள் வருகிறார் என்ற சந்தோஷமும் இருந்தது.

அடுத்த நாளே ரூனே வாசலில் ஷூவைக் கழற்றிவிட்டுக் காலுறையோடு, தன் ஃபிலிம் பெட்டியைப் பையில் வைத்துக்கொண்டு அந்தச் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். மேசையில் ஏலக்காய் பன். குன்வர் கேமராவைத் தூக்க முடியாமல் இரண்டு கையாலும் எடுத்து வந்து வைத்தார். ரூனே அதன் ஃபிலிம் பெட்டியைப் பார்த்தார். 417! திறந்தார். உள்ளே 862.

"அடேயப்பா! ரெண்டும் இடம் மாறியிருக்கு! மாத்திக்கலாமா?"

"உங்களுக்கு அதுல சந்தோஷம்னா மாத்திக்குங்களேன்," என்று குன்வர் சிரித்தார்.

உருவினார், மாற்றினார், டக், டக் என்று இரண்டும் போய் உட்கார்ந்தன. அந்தக் கணத்தில் ரூனேயைப்போல் நிம்மதியான மனிதர் ஸ்வீடனில் இருந்திருக்க மாட்டார். வாயை அத்தோடு மூடியிருக்கலாம். கேமரா பைத்தியம் பிடித்தவர்களுக்கு வருடத்தைச் சொல்லாமல் இருக்க முடியாதே.

"உங்க வீட்டுக்காரரோட பெட்டி எழுபதுல செஞ்சது. என்னுது எழுபத்தெட்டு. அப்ப ரெண்டும் மாறினது எழுபத்தெட்டுக்கு அப்புறம்தான். அதுக்கு முன்னாடி என்னுது பொறக்கவே இல்லையே!"

காபி ஊற்றிக்கொண்டிருந்த குன்வர் நிறுத்தினார். "எழுபத்தெட்டா? நல்லாத் தெரியுமா?"

"சந்தேகமே வேணாம். இந்த ரெண்டு எழுத்து பொய் சொல்லாது."

"இங்கெலா எழுபத்துநாலுலயே போயிட்டா." குன்வர் கெட்டிலை மேசையில் வைத்தார். "நான்தான் போகச் சொன்னேன். அவளா நானான்னு கேட்டேன். அதுக்கப்புறம் அவ மூஞ்சியக்கூடப் பாக்கலன்னு சிக்ஸ்டன் சத்தியம் பண்ணாரு. சாகுற வரைக்கும் அதையேதான் சொன்னாரு."

ரூனேவுக்கு எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது, ஷூவோ வாசலில் கிடந்தது. வாழ்நாளில் ஒரு நிமிடத் தாமதத்தைக்கூட மறைக்காத மனிதர் அன்றைக்குப் பொய் சொல்லப் பார்த்தார்.

"இல்ல... ரிப்பேருக்குப் போன இடத்துல மாத்திப் போட்டிருப்பாங்க. அப்படியும் நடக்கும். வருஷம்கூட நான் தப்பாப் படிச்சிருக்கலாம்."

"ரூனே, வருஷத்தச் சொன்னப்ப உங்க முகத்துல இருந்த வெளிச்சம் இப்ப இல்லையே." குன்வர் எதிரே உட்கார்ந்தார். "சிக்ஸ்டன் உங்களவிட மோசம். துண்டு கோணலாத் தொங்கினா சாப்பாட்டுல கை வைக்க மாட்டாரு. ஒவ்வொரு தடவையும் ஃபிலிம் போடுறப்ப இந்த நம்பர் அவர் கண்ணுல படாமலா இருந்திருக்கும்?"

ரூனே மேசையில் இருந்த இரண்டு பெட்டிகளையும் பார்த்தார். தன்னால் ஒரு வாரம் தாங்க முடியாததை அந்த மனிதர் ஆயுசு முழுக்கத் தெரிந்தே வைத்திருந்தார். எண்ணைச் சேர்த்துவிட்டு ஒரு குடும்பத்தைப் பிரித்துவிட்டோமே என்று நொந்துகொண்டார்.

"பழையபடியே மாத்தி வெச்சிடறேன், குன்வர். நான் வந்ததையே மறந்துடுங்க," என்று பெட்டிகளை நோக்கிக் கையை நீட்டினார்.

குன்வர் தன் கணவரின் பெட்டிமேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டார். கண்ணீர் வழிந்தது, அவர் துடைக்கவில்லை.

"கைய எடுங்க. இது இப்பதான் முழுசா அவரோடது. அந்த இன்னொண்ணை உங்க பையில போடுங்க. எழுபத்துநாலுலயே அவளைத் துரத்திட்டதா நெனச்சுக்கிட்டிருந்தேன். இன்னிக்குத்தான் அவ இந்த வீட்டை விட்டுப் போறா."

ரூனே பையை எடுத்துக்கொண்டார். குன்வர் வாசல்வரை வந்து, அவர் ஷூவை மாட்டி முடிக்கும்வரை கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.