ஆறு ஜாக்கிகளும் என் மச்சானும்

நெய்வேலியில் ரிட்டையர்மென்ட் அன்று போடுகிற மாலை வாடுவதற்குள் குவார்ட்டர்ஸ் சாவியைத் திருப்பிக் கொடுக்கிற கவலை வந்துவிடும். மைன்ஸில் ராட்சத மெஷின்களுக்கு அடியில் படுத்து நட்டு போல்ட்டு முடுக்கியே முப்பத்துநாலு வருஷம் ஓட்டியவன் நான். சொந்த ஊர் மதுரைப் பக்கம். அங்கே எனக்கு ஒரு பிடி மண் கிடையாது. என் மனைவி கம்மாபுரத்துக்குப் பக்கத்துக் கிராமத்துக்காரி. அவளைப் பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கூடப் பிறந்தவன் ஒரே தம்பி. அவன்தான், "அக்கா எதுக்கு வாடகை வூட்டுக்குப் போவணும், நம்ம கொல்லையில வந்து இருக்கட்டும்" என்று தன் நிலத்தில் பத்து சென்ட் ஒதுக்கிக் கொடுத்தான். பத்திரம் கித்திரம் எதுவும் இல்லை, வாய்வார்த்தைதான். அவளுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பது அவன் ஒருவன். அவன் முகம் திருப்பிக்கொண்டால் அவளுக்கு அந்தப் பக்கம் யாருமே இல்லை. இது தெரிந்திருந்தும் நான் செய்த காரியத்தைத்தான் எழுதுகிறேன்.

அந்தப் பக்கத்தில் யாரும் துணிந்து மாடி வீடு கட்டுவதில்லை. மைன்ஸுக்கு நிலம் எடுக்கப்போகிறார்கள் என்று ஒரு பேச்சு வரும், இல்லையாம் என்று இன்னொரு பேச்சு வரும். கட்டின வீடு இடிபடுவதைப் பார்க்கிற தெம்பு எனக்கு இல்லை. அந்த நேரத்தில்தான் கான்ட்ராக்டர் ஒருவர் தன் பழைய சைட் ஆபீஸ் கேபினை விற்கிறார் என்று கேள்விப்பட்டேன். இரும்புச் சட்டம், தகரச் சுவர், இரண்டு அறை, ஒரு கதவு. நாளைக்கே இடத்தைக் காலி பண்ணச் சொன்னாலும் கிரேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். லாரியில் வந்து இறங்கிய கேபினைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல குடியிருக்கப் போறமா, டூட்டி பாக்கப் போறமா?" என்று கேட்டாள் என் மனைவி. எனக்குக் கோபம் வந்தது. ஆனாலும் கேள்வி நியாயமானதுதான்.

கேபின் ஆறு ஸ்க்ரூ ஜாக்கிகள் மேல் நின்றது. ஒவ்வொரு ஜாக்கிக்கும் அடியில் ஒரு கான்கிரீட் கட்டை. நட்டைத் திருகினால் அந்த மூலை ஏறும், மாற்றித் திருகினால் இறங்கும். வந்த புதிதில் இந்தக் கால்களை ஒழுங்குபண்ணுவதே எனக்கு வேலையாக இருந்தது. கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு இரண்டு கோட் அடித்து, மரைக்கு கிரீஸ் தடவினேன். அடியில் முளைத்திருந்த கோரையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் ஜல்லி கொட்டினேன். மழைத்தண்ணீர் தேங்காமல் இருக்கச் சுற்றிலும் வாய்க்கால் வெட்டினேன். விறகு, தேங்காய் மட்டை என்று மனைவி கொண்டுவந்து திணித்ததையெல்லாம் வெளியே தள்ளினேன். குப்பை சேர்ந்தால் எலி வரும், எலி வந்தால் பின்னாலேயே பாம்பு வரும். கடைசியாக நாலு பக்கமும் தகரம் அடித்து, காற்றுப் போக ஓட்டை விட்டு, பின்பக்கம் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு சின்னக் கதவு வைத்துப் பூட்டும் போட்டேன். என் டூல் பாக்ஸையும் அதற்குள்ளேயே வைத்தேன்.

பூட்டைப் பார்த்த மச்சான் சிரித்தான். "அடியில இன்னா மாமா, பொதையலா?" என்றான். சாதாரணக் கிண்டல்தான். எனக்கு ஏனோ சுருக்கென்றது. உள்ளே என்ன இருக்கிறது என்று இவன் எதற்காகக் கேட்கிறான்?

மைன்ஸில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நட்டை முடுக்கி முடித்ததும் நட்டின் மேலும் போல்ட்டின் மேலும் சேர்த்து மஞ்சள் பெயின்ட்டில் ஒரு கோடு இழுத்துவிடுவோம். அடுத்த ஷிப்ட் ஆள் டார்ச் அடித்துப் பார்த்தாலே போதும். கோடு ஒரே நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. உடைந்து இரண்டாகத் தெரிந்தால் நட்டு திரும்பியிருக்கிறது. கை பழகிவிட்டதால் கேபினின் ஆறு ஜாக்கிகளுக்கும் கோடு போட்டேன். தினமும் காலையில் பல் விளக்கியதும் டார்ச்சோடு குனிந்து ஆறையும் பார்த்துவிடுவேன். "ரிட்டையர்டு ஆனது ஒங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்பாள் மனைவி.

ஐப்பசியில் மழை பிடித்தது. நாலாம் நாள் காலையில் பார்க்கிறேன், வாசற்படி மூலையில் இருக்கிற ஜாக்கியின் கோடு உடைந்திருக்கிறது. நட்டு அரைச் சுற்று இறங்கியிருந்தது. மேலே இன்னொரு நட்டு, அதாவது செக் நட்டு, போட்டு இறுக்கிய ஜாக்கி அது. தானாகத் தளர வழியே இல்லை. எவனோ கை வைத்திருக்கிறான்.

நட்டைப் பழையபடி கோட்டுக்குக் கொண்டுவந்து முடுக்கினேன். மூன்றே நாளில் மறுபடி இறங்கியிருந்தது. திரும்ப ஏற்றினேன். திரும்ப இறங்கியது. இதற்கு நடுவில் கேபின் கதவு வேறு சட்டத்தில் பிடித்துக்கொண்டு திறக்கவும் மாட்டேன், சாத்தவும் மாட்டேன் என்றது. "கதவு புடிக்குதுங்க" என்று மனைவி இரண்டு மூன்று தடவை சொன்னாள். பிடிக்காமல் என்ன செய்யும், அடியில் ஒருத்தன் திருகித் திருகி விளையாடினால் என்று எரிந்து விழுந்தேன். பூட்டை மாற்றினேன். பழையபடியே சாவி ஒன்று என்னிடம், ஒன்று அவள் தாலிச்சரட்டு ஊக்கில். பூட்டு மாற்றிய வாரத்திலேயே கோடு மறுபடி உடைந்தது. அப்படியானால் கள்ளச்சாவி. இன்னொரு பூட்டு வாங்கினேன். கேமரா என்ன விலை என்றுகூட டவுன்ஷிப் கடையில் விசாரித்தேன்.

எல்லாம் யோசித்ததில் என் புத்தி மச்சானிடம் போய் நின்றது. கொல்லை அவனுடையது. பம்ப்செட்டுக்குப் போகிற வழி கேபினை ஒட்டித்தான் போகிறது. ஒருநாள் அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தகரத்தின் ஓட்டை வழியாக அடியில் எட்டிப் பார்த்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். கேட்டதற்கு, கோழி அடைகாக்கிறதா என்று பார்த்தானாம். இன்னொரு நாள் டீ குடித்துக்கொண்டே, "இத்தத் தூக்கணும்னா எத்தினி டன் கிரேன் மாமா வோணும்?" என்று கேட்டான். போதாதா? நிலம் எடுத்தால் நஷ்டஈடு வரும். அப்போது அக்கா குடும்பம் இங்கே உட்கார்ந்திருந்தால் இவனுக்கு இடைஞ்சல். கேபின் சாய்ந்தால் நாங்களாகவே பயந்துகொண்டு கிளம்பிவிடுவோம் என்று கணக்குப் போடுகிறான். இப்படி எனக்கு நானே அடுக்கிக்கொண்டே போனேன். அவன் வீட்டிலிருந்து வந்த கொழுக்கட்டையைக்கூட யோசித்துத்தான் வாயில் வைத்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மார்கழி பிறந்து இரண்டாம் நாள் காலையில் கோடு முக்கால் சுற்று தள்ளி இருந்தது. எனக்கு ரத்தம் தலைக்கேறியது. நட்டைக் கோட்டுக்கு ஏற்றி முடுக்கிவிட்டு நேராக மெயின் ரோட்டு டீக்கடைக்குப் போனேன். மச்சான் நாலு பேரோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். "குடுத்த இடம் திரும்ப வேணும்னா ஆம்பளையா மூஞ்சியப் பார்த்துக் கேளு. அடியில பூந்து ஜாக்கியத் திருகாத" என்றேன். அவன் கோபப்படவே இல்லை. கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தான். "இதெ அக்கா சொல்லிச்சா?" என்று ஒன்றே ஒன்று கேட்டான்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவளுக்கு இது எதுவும் தெரியாது என்று ஒரு வார்த்தை போதும். நாலு பேர் பார்க்கிறார்கள், நான் தனி ஆள் என்று தோன்றக்கூடாது என்கிற வீறாப்பு. "உங்கக்காவுக்கும் தெரியும்" என்றேன். அவன் எழுந்து துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

வீட்டுக்கு வந்து, கையும் களவுமாகப் பிடித்துவிட்ட மாதிரி மனைவியிடம் சொன்னேன். அவள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். முறத்தை நகர்த்தி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"நான்தான் திருப்பனேன்" என்றாள்.

எனக்குப் புரியவில்லை. தம்பியைக் காப்பாற்றப் பொய் சொல்கிறாள் என்றுதான் முதலில் நினைத்தேன். அதையும் சந்தேகப்பட்டேன், பாருங்கள். அவள் ஊக்கிலிருந்து சாவியை எடுத்தாள். பின்பக்கம் போய்ப் பூட்டைத் திறந்தாள். என் டூல் பாக்ஸிலிருந்து சரியான ஸ்பானரைத் தேடாமலே எடுத்தாள். முதலில் செக் நட்டைத் தளர்த்தி, பிறகு ஜாக்கி நட்டை அரைச் சுற்று இறக்கிக் காட்டினாள். அதற்குப் பிறகு மேலே ஏறிப்போய்க் கதவைத் திறந்து திறந்து சாத்தினாள். கதவு எங்கேயும் இடிக்கவில்லை.

அந்த மண் களிமண். மழையில் உப்பும். உப்பியதில் வாசல் மூலையில் இருந்த கட்டை மேலே எழும்பி, கேபின் சட்டத்தை முறுக்கி, கதவைப் பிடித்திருக்கிறது. ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தண்ணீர் பிடிக்க இறங்கியிருக்கிறாள். காற்றில் கதவு சாத்திக்கொண்டு திறக்கவில்லை. நான் டவுன்ஷிப்பில் பழைய கூட்டாளிகளோடு டீ குடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே பால் பொங்கித் தீய்கிற வாசனை வர, வேறு வழி தெரியாமல் அடியில் நுழைந்து நட்டைத் திருப்பியிருக்கிறாள். கதவு விட்டுவிட்டது. மறுநாள் நான் என் கோடுதான் வேதம் என்று நட்டை ஏற்றி வைக்க, கதவு மறுபடி பிடித்திருக்கிறது. முப்பத்துநாலு வருஷம் நட்டும் போல்ட்டுமாகக் கிடந்தவனுக்கு இது தோன்றவில்லை. நட்டு அசையாமல் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று மெஷினில் படித்த பாடத்தைக் களிமண்ணில் கொண்டுவந்து வைத்தேன்.

ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன்.

"கதவு புடிக்குதுன்னு எத்தினி வாட்டி சொன்னேன்? காதுல வாங்குனீங்களா?" என்றாள். "ரெண்டு வாட்டி பூட்ட மாத்தனீங்க. ரெண்டு வாட்டியும் ஒரு சாவிய எங்கையிலதான் குடுத்தீங்க. ஊருல இருக்கறவன் அத்தினி பேரு மேலயும் சந்தேகம். என்னெ ஒரு வார்த்த கேட்டீங்களா? இவளுக்கு எங்க ஸ்பானர் புடிக்கத் தெரியப்போவுதுன்னு இருந்துட்டீங்க."

பிறகு அவள் நிதானமாக, "அவனாண்ட இன்னா சொன்னீங்க, முழுசா சொல்லுங்க" என்றாள். சொன்னேன். அவன் கேட்ட கேள்வி வந்தபோது நிறுத்தினேன். அவள் விடவில்லை. அதையும் சொன்னேன். அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். படியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை.

அப்புறம் தம்பிக்குப் போன் பண்ணினாள். தான் எதுவும் சொல்லவில்லை, தனக்கு எதுவும் தெரியாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து "செரிக்கா", "செரிக்கா" என்று மட்டும் கேட்டது. சாயங்காலம் நானே அவன் வீட்டுக்குப் போனேன். டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தான். தப்பு என்னுடையது, அக்கா பெயரை இழுத்தது பொய், மன்னித்துவிடு மச்சான் என்றேன். வயதில் சின்னவனிடம் அப்படிக் கேட்பது எனக்குச் சுலபமாக இல்லை. "வுடுங்க மாமா, எதோ கோவத்துல பேசிட்டீங்க" என்றான். காபி கொடுக்கச் சொன்னான். குடித்தேன். வழியெல்லாம், இவன் ஏன் இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டான் என்று யோசித்துக்கொண்டே வந்தேன். என் புத்தி அப்படி.

டீக்கடைக்குப் போய், அன்றைக்கு இருந்தவர்களிடமும் நான் சொன்னது பொய் என்று சொன்னேன். அவர்கள் தலையாட்டினார்கள். மச்சான் அதற்குப் பிறகு பம்ப்செட்டுக்குச் சுற்று வழியாகப் போக ஆரம்பித்தான். பொங்கல் நெருங்க நெருங்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கல்யாணமான வருஷத்திலிருந்து பிறந்த வீட்டுப் பொங்கல் சீர் அவளுக்குத் தவறியதே இல்லை. குவார்ட்டர்ஸில் இருந்தபோதும் அவன் பைக்கில் கரும்பைக் கட்டிக்கொண்டு பிளாக் பிளாக்காகத் தேடி வருவான். இந்த வருஷம் வருவானா என்று அவள் என்னிடம் கேட்கவில்லை. நானும் பேச்சை எடுக்கவில்லை. நின்றுபோனால் நின்றதுதான், பிறகு அதை யாராலும் சேர்க்க முடியாது.

போகிக்கு மறுநாள் காலை பத்து மணி சுமாருக்கு வந்தான். தோளில் கரும்புக்கட்டு, கையில் மஞ்சள் கொத்து, பையில் அரிசி, வெல்லம், புடவை. அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே. ஓடிப்போய் வாங்கிக்கொண்டாள். அக்காவும் தம்பியும் என்ன பேசினார்களோ, இருவரும் சிரித்தார்கள். எனக்கு நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது. நான் கதவருகில் வந்து, "உள்ள வா மச்சான்" என்றேன். அவளும் கையைப் பிடித்து இழுத்தாள்.

அவன் படியைப் பார்த்தான். கால் வைக்கவில்லை.

"இருக்கட்டும்க்கா. நான் ஏறுனா ஆடும். அப்பறம் நான்தான் ஆட்டனன்னு ஆயிடும்" என்றான். குரலில் கோபம் இல்லை.

மனைவி அவன் கையை விட்டாள். உள்ளே வந்தாள். கோரைப்பாயையும் பொங்கல் பாத்திரத்தையும் இரண்டு வாழை இலையையும் எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி இறங்கினாள். வெளியே வாசல் மண்ணில் பாயை விரித்தாள். இருவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நான் கதவைப் பிடித்தபடி மேலேயே நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கூப்பிடவில்லை.