உடையப்பன் சொல்லிப் பார்த்த சொற்கள்

“மேல மட்டும் தெறப்பு இருக்கிற எடத்துக்கு இங்கிலீஷ்ல என்ன பேர் தெரியுமாடா மருது?”

உடையப்பன் கேட்டபோது எனக்குத் தெரியவில்லை. முற்றமா என்றேன். அவன் சிரிக்கவில்லை.

நாங்கள் காரைக்குடியில் ஒரே பெஞ்சில் படித்தவர்கள். 1967இல் எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் நான் புதுவயல் அரிசி ஆலையில் லாரிகளுக்குச் சீட்டு எழுதப் போனேன். அவனை ஏகப்பச் செட்டியார் வீட்டுக்குச் சுவீகாரமாகப் பிள்ளை கூட்டினார்கள். செட்டியாருக்கும் கண்ணம்மை ஆச்சிக்கும் குழந்தை இல்லை. மெட்ராசில் காலேஜ் படிக்க வைப்பதாகச் சொல்லித்தான் கூட்டினார்கள். பெரிய மனுசர் சொன்னால் போதும் என்று பெற்ற அப்பச்சி இருந்துவிட்டார்.

அந்த வீட்டில் ரங்கூனிலிருந்து வந்த தடித்த ஆங்கில அகராதி ஒன்று கிடந்தது. யாரும் வாயில் எடுக்காத சொற்களாகத் தேடி, பொருளையும் ஒலியையும் நோட்டில் எழுதுவான். நான் ‘குவே’ என்று படித்ததை ‘கீ’ என்றான். கப்பல் வந்து நிற்கும் துறையாம். ‘யாட்’ என்றால் உல்லாசப் படகு. அதன் நடுவே இரண்டு எழுத்துகளுக்குச் சத்தமே கிடையாதாம். முகப்புக்கும் இரண்டாம் கட்டுக்கும் நடந்தபடி சத்தமாகச் சொல்லிப் பார்ப்பான். நம் வீட்டுச் சோற்றில் ஒரு வெள்ளைக்காரன் வளர்கிறான் என்பார் செட்டியார்.

“சரியாச் சொல்றேனான்னு சொல்ல ஒரு ஆளு வேணும்டா. இங்க தப்பாச் சொன்னாலும் தலையாட்டுறாக” என்பான் அவன்.

காலேஜ் பேச்சை எடுத்தால், முதல் வருடம் கோயில் காரியம் என்றார்கள். அடுத்த வருடம் செட்டியாருக்கு உடம்பு சரியில்லை. மூன்றாவது வருடம், இந்த ஜூனில், அவனே மனுப் போட்டு, காலேஜில் இடமும் கிடைத்தது. அவனுக்கு டிக்கெட் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனில் நின்றேன். ரயில் போய்விட்டது; அவன் வரவில்லை.

வீட்டுக்கு ஓடினேன். கட்டிய பெட்டி முகப்பில் இருந்தது. யாரும் மறிக்கவில்லை என்றான். ஆச்சி சாவிக்கொத்தை அவன் கையில் வைத்து இவ்வளவுதான் சொன்னாராம்:

“வாசலப் பூட்டிச் சாவிய எடுத்துக்கிட்டுப் போங்கய்யா. நாங்க ரெண்டு பேரும் உள்ளேயே கெடந்துக்கிறோம்.”

செட்டியார் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லையாம்.

அப்போதுதான் அந்த இங்கிலீஷ் பேரைக் கேட்டான்; பிறகு நோட்டை என்னிடம் நீட்டினான். கடைசிச் சொல் ‘ஊப்ளியெட்’. மேலே மட்டும் திறப்புள்ள நிலவறை. ஆளை உள்ளே இறக்கிவிட்டு மறந்துவிடுவார்கள். முற்றத்துக்கு மேலே தெரிந்த வானத்தைப் பார்த்தபடி அதை இரண்டு தரம் சொன்னான். “சரியாடா?” என்று கேட்டான். பெட்டியை உள்ளே தூக்க மட்டும் கை கொடுத்தேன்.

ஆச்சி கெட்டவர் இல்லை. என்னைச் சாப்பிடாமல் அனுப்பியதே இல்லை. ஆனால் உடையப்பன் இன்னும் அங்கேதான் இருக்கிறான். பிள்ளை கூட்டப் போகிற வீடு எதையாவது அறிந்தால், இதைப் படித்துக் காட்டுங்கள். முடியாவிட்டால் வாயால் சொல்லுங்கள். பிள்ளை முதலில் படித்து முடிக்கட்டும், அப்புறம் கூட்டிக்கொள்ளட்டும் என்று.