உத்திரத்தன்று பம்பு டூட்டி

எங்கள் ஊருக்கு அரசுத் தீயணைப்பு வண்டி வரும். ஆனால் மரப்பாலம் வரைக்கும்தான் வரும். அந்தக் கனத்தைப் பாலம் தாங்காது. அந்தமானில் பாராடாங் படகுத்துறையிலிருந்து உள்ளே தள்ளி, பாக்குத் தோட்டமும் நெல் வயலுமாக இருக்கிற ஊர் இது. பாலத்துக்கு இந்தப் பக்கம் தீப்பிடித்தால் நாங்களேதான் அணைத்துக்கொள்ள வேண்டும். அதற்காகப் பதினான்கு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். சம்பளம் கிடையாது, காக்கிச் சட்டையும் கிடையாது. பெட்ரோலில் ஓடும் பம்பு ஒன்று, கான்வாஸ் குழாய் மூன்று சுருள், எரிகிற கூரையை இழுத்துத் தள்ளக் கொக்கி வைத்த நீளக் கம்புகள், மணல் வாளிகள், இவ்வளவுதான் எங்கள் சொத்து. அரசு ஆட்கள் இரண்டு நாள் வந்து பழக்கிக் கொடுத்தார்கள். மீதியைக் கோவிலில் இருக்கிற முருகன் பார்த்துக்கொள்கிறான்.

ஆள் வைக்கும் முறை நாங்களே யோசித்துச் செய்தது. எந்த நாளும் நான்கு பேர் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது. அந்த நால்வரில் ஒருவருக்குப் பம்பைக் கிளப்பத் தெரிந்திருக்க வேண்டும், ஒருவருக்குப் பம்பை ஏற்றிப் போகிற, ஊர்க்காரர் ஒருவரின் பிக்கப் வண்டியை ஓட்டத் தெரிந்திருக்க வேண்டும். பம்பு அடம்பிடிக்கிற சாமான். அதைக் கிளப்பத் தெரிந்தவர்கள் ஊரிலேயே மூன்று பேர். அதில் நானும் ஒருவன். எட்டாம் வகுப்போடு நின்றவன்தான், ஆனாலும் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று டூட்டி நோட்டையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள்.

பண்டிகைக்கு ஒரு வழக்கம் உண்டு. குழுவில் பாதிப்பேர் தமிழர்களான நாங்கள், பாதிப்பேர் ராஞ்சிப் பக்கமிருந்து காட்டு வேலைக்கு வந்து தங்கிவிட்ட ராஞ்சிக்காரர்கள். அவர்கள் கிறிஸ்தவர்கள். எங்கள் பங்குனி உத்திரத்துக்கு அவர்கள் நால்வர் காவல் இருப்பார்கள். அவர்களுடைய கிறிஸ்துமஸுக்கும் புனித வெள்ளிக்கும் நாங்கள் நால்வர். இதனால் யாருக்கும் சாமி கும்பிடுவது தவறியதில்லை. நோட்டில் பண்டிகையின் பெயரைப் போட்டுக் கீழே ஆட்களை எழுதி வைப்பேன். தேதி போடுவதில்லை. தேதிதான் வருஷாவருஷம் மாறுகிறதே என்று விட்டுவிட்டேன்.

அந்த வருஷம் உத்திரமும் புனித வெள்ளியும் ஒரே வெள்ளிக்கிழமையில் விழுந்தன.

அதற்கு மூன்று நாள் முன்னால்தான் தெரிந்தது. ராஞ்சிக்காரர்களில் டூட்டிக்கு ஆள் ஏற்பாடு செய்கிறவர் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர். அவர் என்னை அண்ணா என்பார், நான் அவரை இந்தி வழக்கில் பாயி என்பேன். அவர் வேலியோரம் வந்து நின்றார்.

“அண்ணா, வெள்ளிக்கிழமைக்கு உன் நாலு ஆள் யாரு? பேர் சொல்லு.”

“எங்க ஆளு எதுக்கு பாயி? அன்னைக்கு உத்திரம். நீங்கதானே பார்க்கணும்?”

“அரே, அன்னைக்கு குட் ஃப்ரைடே.”

“அது எப்படி?”

“ரெண்டு சாமியும் மீட்டிங் போட்டு முடிவு பண்ணிருக்கு. உனக்கும் எனக்கும் மட்டும் சொல்லல.” நோட்டை வாங்கிப் புரட்டினார். “கையெழுத்து மட்டும் ஃபர்ஸ்ட் கிளாஸ் அண்ணா.”

அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. (இப்போது நான் தேதியை எழுதிவிட்டுத்தான் பண்டிகையை எழுதுகிறேன்.) பங்குனி மாதம் இலை தழையெல்லாம் காய்ந்து கிடக்கும். அன்றைக்கு ஊரே காலி ஆகிவிடும். நான்கு பேர் இல்லாமல் விட முடியாது. அவர் தானும் இன்னொருவரும் இருப்பதாகச் சொன்னார். எங்கள் பக்கம் பிக்கப் ஓட்டுகிற பையனுக்குத் தாய் தவறி வருஷம் திரும்பவில்லை, அதனால் அவன் கோவிலுக்குப் போக மாட்டான். மூன்று பேர் ஆயிற்று. பம்புக்குத்தான் ஆள் இல்லை. தெரிந்த மற்ற இருவரில் ஒருவர் அலகு குத்துகிறார், இன்னொருவர் காலையில் நடக்கும் சிலுவைப் பாதை ஊர்வலத்தில் சிலுவை சுமக்கிறவர். மிஞ்சியது நான்.

நானோ மாலை போட்டிருந்தேன். மனைவிக்குப் போர்ட் பிளேரில் வயிற்று ஆபரேஷன் நடந்தபோது, அவள் எழுந்து நடந்தால் மூன்று வருஷம் பால்காவடி எடுக்கிறேன் என்று வேண்டியிருந்தேன். இரண்டு முடிந்துவிட்டது. இது மூன்றாவது. சாமியிடம் சொன்ன வாக்கு. அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை. பம்பை விட்டுவிட்டுப் போகவும் மனம் வரவில்லை.

இரவுச் சாப்பாட்டில் மனைவி கேட்டாள். “என்னங்க, சோத்தைப் பார்த்துக்கிட்டே இருக்கீங்க?”

சொன்னேன்.

“காவடி யாருக்காக வேண்டுனீங்க?”

“உனக்காகத்தான்.”

“அப்ப நானே பால்குடம் எடுக்கறேன். நீங்க பம்பைப் பாருங்க.”

“வேண்டுனது நான்ல?”

“நடக்கிறது நான்ல? முருகனுக்கு ஆள் அடையாளம் தெரியாதா?”

“விரதம்?”

“நீங்க மாலை போட்ட நாள்லேர்ந்து இந்த வீட்டுல கருவாடு வெந்துச்சா? உங்களுக்குச் சமைச்சதைத்தானே நானும் சாப்பிட்டேன்.”

சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு, நோட்டில் நாலாவதாக என் பெயரை எழுதினேன்.

வெள்ளிக்கிழமை காலை மஞ்சள் புடவையில், தலையில் குடத்தோடு அவள் ஓடைக்கரையிலிருந்து கிளம்பியதைப் பார்த்துவிட்டு டூட்டிக்கு வந்தேன். மேளச் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து மணி இருக்கும், வங்காளிக் குடும்பம் ஒன்றின் மாட்டுக்கொட்டகைப் பக்கம் புகை எழும்பியது. ஈ விரட்டப் போட்ட புகைமூட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஊர்வலம் பார்க்கப் போய்விட்டார்கள். நாங்கள் போய்ச் சேரும்போது ஓலைக்கூரை பிடித்துவிட்டது. வீட்டுக்கூரை நாலு முழ தூரம்தான்.

பிக்கப்காரன் பசுவையும் கன்றையும் கயிற்றை அறுத்து ஓட்டினான். ராஞ்சிக்காரர்கள் இருவரும் கொக்கிக் கம்பால் எரிகிற ஓலையை வீடு இல்லாத பக்கமாக இழுத்துத் தள்ளினார்கள். நான் குட்டையில் குழாயை இறக்கிப் பம்புக் கயிற்றை இழுத்தேன். இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. முருகா என்று மூன்றாவது முறை இழுத்தேன். பிடித்துக்கொண்டது.

அரை மணியில் அணைந்தது. கொட்டகையில் பாதி போயிற்று. வீட்டுக்கு ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் கம்பை ஊன்றிக்கொண்டு நின்றார்.

“அண்ணா, நீயும் பட்டினி, நானும் பட்டினி. தண்ணி பூரா இந்தக் கொட்டாய் குடிச்சிருச்சு.”

எனக்கும் சிரிப்பு வந்தது.

மூன்று மணிக்கு அவர் சர்ச்சுக்குப் போக வேண்டும். அலகு குத்தியவர் இளைப்பாறிவிட்டு இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து எங்களை மாற்றினார். நான் கை கால் மட்டும் கழுவிக்கொண்டு, புகை நாற்றத்தோடேயே கோவிலுக்குப் போனேன். மனைவி மண்டபத்துத் தூணில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். முகம் களைத்திருந்தாலும் தெளிவாக இருந்தது.

பூசாரி சொன்னார். “உங்க வீட்டம்மா பால் ஊத்தியாச்சு. வேண்டுனவர் எங்கேன்னு கேட்டேன். டூட்டியில இருக்காரு, யாருக்காக வேண்டுனாரோ அவ வந்திருக்கேன்னாங்க. நான் என்னத்தைச் சொல்ல? அர்ச்சனை பண்ணிட்டேன்.”

மாலையைக் கழற்றக் குனிந்தேன். பூசாரி மாலையில் கையை வைத்துவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

“கழட்டிரலாமா? மனசுல குறையா இருந்தா அடுத்த வருஷம் ஒரு காவடி எடுத்துக்கலாம். தப்பில்ல.”

“குறை ஒண்ணும் இல்ல சாமி. மூணும் முடிஞ்சுது.”

கழற்றினார்.