வேலை நின்றது, ஊசி நிற்கவில்லை

முதலில் நின்றது என் சிரிப்புதான். எழுபதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம். திருக்கழுக்குன்றம் போகும் சாலையில், எங்கள் கல்குவாரிக்கு எதிரே இருந்த டீக்கடையில் காலையில் ஏதாவது கதை சொல்லி எல்லோரையும் சிரிக்க வைப்பது என் வழக்கம். அன்று கதை முடிவதற்குள் மூச்சு முடிந்துவிட்டது. முடிவைச் சொல்ல வாயைத் திறந்தால் இருமல் வந்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதையும் கதையில் சேர்த்துக்கொண்டு சிரித்தார்கள். முனுசாமி மட்டும் சிரிக்கவில்லை.

"காதரு, உனக்கும் வந்துட்ச்சா?" என்றான்.

நானும் அவனும் பாறையில் துளை போடுகிறவர்கள். நாங்கள் போட்ட துளையில்தான் வெடி வைப்பார்கள். காற்றழுத்தத்தால் ஓடும் துளை மெஷினைப் பிடித்தால் பல்லெல்லாம் அதிரும். கல் தூசி எழும்பி முகத்தை மூடும். வேலை முடிந்து வரும்போது எங்களைப் பார்ப்பவர்கள் மாவு மில்லில் வேலை என்று நினைப்பார்கள். முனுசாமி மாமல்லபுரத்தை ஒட்டிய மீனவர் குப்பத்தில் பிறந்தவன். ஆனால் படகில் ஏறினால் குடலே வெளியே வந்துவிடும். "கடலு வேணான்னு தொர்த்தி வுட்ச்சி, கல்லாண்ட வந்துட்டேன்" என்று அவனே சொல்வான்.

குவாரி வாசலில் தகரக் கூரை போட்ட ஓர் அறை இருந்தது. அதுதான் கம்பெனி ஆஸ்பத்திரி. திங்களும் வியாழனும் ரெபெக்கா டாக்டர் செங்கல்பட்டிலிருந்து பஸ்ஸில் வருவார். துளை போடுகிறவர்கள் வரிசையாக இருமத் தொடங்கியபோது, "வேலையில வந்த நோய்க்கு வைத்தியம் என் பொறுப்பு" என்று முதலாளியே எல்லோர் முன்னாலும் சொல்லி வைத்த ஏற்பாடு அது.

டாக்டர் என்னைச் செங்கல்பட்டுக்கு அனுப்பி எக்ஸ்ரே எடுக்க வைத்தார். படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பக்கத்தில் என் மனைவி ஜமீலா.

இரண்டு நோய் என்றார். ஒன்று சிலிகோசிஸ் (கல் தூசி நுரையீரலில் படிந்து அதைத் தடிக்க வைக்கும் நோய்). அது பலவீனப்படுத்திய இடத்தில் காசநோயும் (ஒரு கிருமியால் வருவது, இருமலில் பரவும்) வந்து உட்கார்ந்திருந்தது.

"ரெண்டுல எது போவும் டாக்டரம்மா?" என்று கேட்டாள் ஜமீலா. அழுவாள் என்று நினைத்திருந்தேன். அவள் கறிகாய் பேரம் பேசுகிறவள் போலக் கேட்டாள்.

"காசநோய் போகும். ஆனா ஊசியும் மாத்திரையும் நான் போதும்னு சொல்ற வரைக்கும் விடக் கூடாது. பாதியில விட்டா கிருமி மருந்துக்குப் பழகிடும். அப்புறம் அதே மருந்து கேக்காது."

ஸ்ட்ரெப்டோமைசின் (காசக் கிருமியைக் கொல்லும் ஊசி) வாரத்துக்கு இரண்டு முறை. கூடவே மாத்திரைகள். இதைப் படிக்கும் உங்களில் யாருக்காவது இதே நோய் இருந்தால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: முதலில் சரியாவது இருமல் அல்ல, பசி. எனக்கு ஒரு மாதத்துக்குள் அப்படியொரு பசி வந்தது. ஜமீலா வைக்கும் மீன் குழம்பின் வாசனை தெருமுனைக்கே வந்து என்னைக் கையைப் பிடித்து அழைத்துப் போகும்.

ஊசிக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காதில் ரீங்காரம் கேட்கும், தலை சுற்றும். கேட்டால் உடனே டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னேன், அளவைக் குறைத்தார். அதற்குள் ஒரு நாள் கடற்கரை மணலில் ஆடி ஆடி நடந்துகொண்டிருந்தேன். வலையிலிருந்து மீன் பிரித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி, "இன்னா பாய், காலீலயே ஏத்திக்கினியா?" என்றாள்.

"ஏத்துனது நா இல்லம்மா, டாக்டரு" என்றேன்.

இப்படிச் சிரித்தபடியே நானும், அதே ஊசி போட்டுக்கொண்டிருந்த முனுசாமியும் மற்றவர்களும் தேறிவந்த நேரத்தில்தான் குவாரியை மூடினார்கள். பழைய சிற்பப் பாறைகள் இருக்கும் பகுதியில் இனி வெடி வைக்கக் கூடாது என்று உத்தரவு வந்ததாம். முதலாளிக்குக் கருங்குழி பக்கம் இன்னொரு குவாரி இருந்தது. மெஷின்கள் அங்கே போயின. எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். வேலை போனதைக் கூடத் தாங்கிக்கொண்டோம். அடுத்த திங்கட்கிழமை ஊசிக்குப் போனால் தகர அறையில் பூட்டு தொங்கியது.

"வேலையில இல்லாதவங்களுக்குக் கம்பெனி வைத்தியம் கிடையாது" என்றார் மேனேஜர். டாக்டரையும் வர வேண்டாமென்று சொல்லிவிட்டார்கள்.

டாக்டர் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எங்களுக்காகப் பேசி வைத்தார். நான் பஸ் பிடித்துப் போய் ஊசி போட்டுக்கொண்டேன். முனுசாமியால் முடியவில்லை. படகில் வரும் வாந்தி அவனுக்குப் பஸ்ஸிலும் வரும். ஊசியின் தலைசுற்றலும் சேர்ந்துகொண்டது. ஒருமுறை பாதி வழியில் இறங்கி, வெயிலில் நடந்தே வீடு திரும்பினான். பிறகு போவதையே விட்டுவிட்டான். சில வாரம் கழித்து அவன் வீட்டுக்குப் போனபோது துண்டில் ரத்தம் இருந்தது.

"ஒண்ணியும் இல்ல மச்சான், வெத்தல" என்றான். அவன் வெற்றிலை போடுவதில்லை.

அன்றுதான் எனக்குக் கோபம் வந்தது. ஜமீலாவிடம் சொன்னேன். அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஊசி நாளு நாளைக்கித்தானே? எப்பவும் போலப் போயி வரிசைல நில்லுங்க. நாங்களும் வர்றோம்" என்றாள்.

மறுநாள் பூட்டிய கதவுக்கு முன்னால் வரிசை நின்றது. மருந்தில் இருந்தவர்கள், அவர்கள் மனைவிமார், கைக்குழந்தைகள். கோஷம் இல்லை, கொடி இல்லை. முனுசாமியை மாட்டு வண்டியில் படுக்க வைத்துக் கொண்டுவந்தோம். ரெபெக்கா டாக்டரும் பையோடு வந்து சேர்ந்தார். அவனுக்கு வண்டியிலேயே ஊசி போட்டுவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார். "நான் டாக்டர். கதவு திறந்தா என் வேலையைப் பாக்கறேன்" என்றார்.

அறையிலிருந்த பீரோவையும் கட்டிலையும் ஏற்றிப்போக அன்று லாரி வந்தது. பின்னாலேயே காரில் முதலாளி.

"இன்னாப்பா இது? வேலையே இல்லன்னு ஆயிப்போச்சு, இன்னும் இன்னாத்துக்கு வந்துகினு கீறீங்க?" என்றார்.

"வேலை நின்னு போச்சு மொதலாளி. உள்ள போன தூசி நிக்கலியே, அது இன்னும் டூட்டிலதான் கீது" என்றேன். வரிசையில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்துவிட்டார். ஆனால் சாவியைக் கொடுக்கவில்லை. "ஊர்ல கீறவன் நோயெல்லாம் நான் சொமக்க முடியுமா?" என்று காரில் ஏறினார். நாங்கள் வழிவிடாததால் லாரி காலியாகத் திரும்பியது.

காலி லாரி கருங்குழியில் எங்கள் கதையை இறக்கிவைத்தது. அடுத்த வியாழக்கிழமை அதே லாரி வந்தபோது, பீரோ ஏற்ற வந்த கூலிகளுக்குப் பதில் கருங்குழியில் துளை போடுகிறவர்கள் இறங்கினார்கள். ஒருவரைக்கூட எனக்குத் தெரியாது. எங்கள் பின்னால் வரிசையில் நின்றார்கள்.

முதலாளி வேர்த்து விறுவிறுத்து வந்தார். "அங்க மெஷினைப் போட்டுட்டு இங்க இன்னா பண்றீங்க?"

கருங்குழிக்காரர்களில் மூத்தவர் துண்டை இடுப்பில் கட்டியபடி சொன்னார்: "நாளைக்கி எங்களையும் இப்டித்தான் அனுப்புவீங்களான்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தோம். இவுங்களுக்குக் கதவ தொறந்தா, இதே லாரில ஏறிப் போயிட்றோம்."

முதலாளி, அன்றும் மாட்டு வண்டியில் படுத்திருந்த முனுசாமியைப் பார்த்தார். அவனைத் துளை போடும் வேலைக்கு எடுத்தவரே அவர்தான். பிறகு வரிசையில் நின்ற டாக்டரிடம், "எவ்ளோ நாளைக்கி?" என்று கேட்டார்.

"கடைசி ஆள் குணமாகற வரைக்கும். அது எப்பன்னு நான் சொல்றேன். மேனேஜர் சொல்லக் கூடாது."

சாவி, முதலாளியோடு வந்திருந்த மேனேஜரின் பையிலிருந்து வந்தது. முனுசாமியைத்தான் முதலில் உள்ளே கொண்டுபோனோம். அவனுக்கு மருந்தை மாற்ற வேண்டியிருந்தது. எங்கள் எல்லோரையும்விட நீண்ட நாள் பிடித்தது. ஆனால் எழுந்து நடந்தான். கருங்குழியில் அதற்குப் பிறகு துளை போடும் இடத்தில் தண்ணீர் பீய்ச்சி, தூசி எழும்பாமல் வேலை செய்யத் தொடங்கினார்கள் என்று கேள்விப்பட்டோம்.

என் சளிப் பரிசோதனையில் (சளியில் கிருமி இருக்கிறதா என்று பார்ப்பது) தொடர்ந்து கிருமி இல்லை என்று வந்த பிறகு டாக்டர் என்னை உட்கார வைத்துச் சொன்னார். "கிருமி போயிடுச்சு பாய். தூசி போகாது. அதோட குடித்தனம் பண்ணக் கத்துக்கணும்."

"வாடக இன்னா கேக்கும்?"

"கொஞ்சம் மூச்சு. கேட்டப்போ குடுத்துடுங்க, சண்டை போடாதீங்க."

இப்போது மாமல்லபுரத்தில் வாடகை சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் ஓட்டுகிறார்கள், நான் காற்றடித்துக் கொடுக்கிறேன், அதுவும் நிறுத்தி நிறுத்தி. என் நெஞ்சுக்குள் ஓர் எல்லை இருப்பது எனக்குத் தெரியும். முன்பு உடம்பு என்று ஒன்று இருப்பதே தெரியாமல் அதைச் செலவழித்தேன். இப்போது மாடிப்படி, எதிர்காற்று, மார்கழிக் குளிர் எல்லாவற்றையும் முதலில் அதனிடம் கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன்.

போன வாரம் சிங்கப்பெருமாள் கோயிலில் இருக்கும் மகள் வீட்டுக்குக் கிளம்பினோம். நாங்கள் நிறுத்தத்தை நெருங்குவதற்குள் பஸ் எங்களைத் தாண்டிப் போய் அங்கே நின்றது. பழைய காதராக இருந்தால் ஓடிப்போய்ப் படியில் தொற்றியிருப்பேன். கால் ஒரு கணம் தயாராகிவிட்டது. பிறகு தானாகவே நிதானித்தது. கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். போங்கள் என்று கையைக் காட்டினேன்.

"ஒக்காருங்க, அடுத்தது வரட்டும்" என்றாள் ஜமீலா. புளியமரத்தடியில் கல்பலகை ஒன்று இருந்தது. பத்து வருடமாக அந்த வழியே போகிறேன், அதில் அன்றுதான் முதல் முறை உட்கார்ந்தேன். நல்ல நிழல்.