பன்னிரண்டாம் விதியை எழுதிய கிளாக்கர்

போன செவ்வாய்க்கிழமை காலையில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. எங்கள் படகுத்துறையில் முப்பது வருஷத்துக்கும் மேல் துடுப்புப் போட்டு ஓய்வு பெற்ற போஜன் பேசினார்.

"அக்கா, உக்காந்திருக்கீங்களா?"

"நின்னுக்கிட்டுத்தான் இருக்கேன், சொல்லு."

"நம்ம சின்னச்சாமி கிளார்க்கு போயிட்டாரு அக்கா. காப்பி குடிச்சிட்டு நாற்காலில சாய்ஞ்சவரு, அப்பிடியே."

என் கையில் கத்தி இருந்தது. அதைக் கீழே வைத்தேனா இல்லையா என்று ஞாபகம் இல்லை. போஜன் இன்னொன்றும் கேட்டார். மரியாதைக்கு இன்று ஒரு நாள் துறையை மூடலாமா என்று ஆபீசில் யோசிக்கிறார்களாம். வேண்டாம் என்றேன். வெள்ளம் வந்தால் மூடலாம், ஆள் செத்தால் மூடக்கூடாது என்று சொன்னவரே அவர்தான். கோயமுத்தூரிலிருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் ஆற்றைப் பார்க்காமல் ஏன் திரும்ப வேண்டும்? அன்றைக்கு எல்லாப் படகும் ஓடின. அவரைத் தூக்கிக்கொண்டு போனபோது ஆற்றில் குழந்தைகள் கூச்சல் போடுவது எங்களுக்குக் கேட்டது. அது அவருக்குச் செய்த குறை இல்லை என்றே நினைக்கிறேன்.

துறை ஊழியர்கள் போடும் இந்தச் சிறு நினைவு மலருக்கு நானும் எழுத வேண்டும் என்றார்கள். என் பேத்தி பேரூராட்சி ஆபீசில் வேலை பார்க்கிறவள். "நீ சொல்லு அம்மாயி, நான் எழுதித் தர்றேன்" என்றாள். மறுத்துவிட்டேன். நான் படித்தது இலங்கையில் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு. அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் அவர் எனக்கு வேலை கொடுத்தார். அவரைப் பற்றி அந்தக் கையெழுத்தில்தான் எழுத வேண்டும்.

நாங்கள் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்து, மண்டபம் முகாமில் இருந்து, பிறகு இந்த மலைக்கு அனுப்பப்பட்டவர்கள். பந்தலூர்ப் பக்கம் தோட்டத்தில் என் வீட்டுக்காரருக்கு வேலை கிடைத்தது. எனக்குக் கிடைக்கவில்லை. கைக்குழந்தையோடு இந்த ஊர் பஞ்சாயத்து போர்டு ஆபீசுக்கு வந்து வேலை கேட்டு நின்றேன். மேசைக்குப் பின்னால் ஒல்லியாக ஒருவர் எழுதிக்கொண்டிருந்தார். இலங்கைத் தோட்டத்தில் ஆபீசில் எழுதுகிறவர் கிளாக்கர். அதனால் "கிளாக்கர் ஐயா" என்று கூப்பிட்டேன். கடைசிவரை அப்படித்தான் கூப்பிட்டேன்.

"படிப்பு ஏதாச்சும் உண்டுங்களா அம்மணி?"

"அஞ்சாம் வகுப்புங்க ஐயா."

ஒரு காகிதத்தைக் கொடுத்து என் பெயரையும் வீட்டுக்காரர் பெயரையும் எழுதச் சொன்னார். பார்த்துவிட்டு, "அஞ்சு போதுமுங்க. ஆறாவதுல சொல்லித் தர்றது எதுவும் படகுத்துறைக்கு ஆகாது" என்றார். இந்த நாட்டுக்கு வந்து நான் முதலில் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்போது வருகிறவர்களுக்குத் தெரியாது என்பதால் சொல்கிறேன். அப்போது துறை என்றால் தடுப்பணைக்கு மேலே ஆறு தேங்கி நிற்கும் இடத்தில் பத்துப் படிக்கட்டும் ஒரு தகரக் கொட்டகையும் ஐந்து படகும்தான். இந்தப் பக்கம் ஊர், அந்தப் பக்கம் காடு. பஞ்சாயத்து போர்டு அதை நடத்தியது. சீசன் முடியும்வரை கூட்டிப் பெருக்கி டிக்கெட் கிழிக்க என்னைத் தற்காலிகமாகப் போட்டார்கள்.

முதல் ஞாயிற்றுக்கிழமையே தப்புச் செய்தேன். பஸ் பஸ்ஸாக ஆட்கள் வந்து இறங்கி, படிக்கட்டில் முட்டி மோதினார்கள். எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று. தோட்டத்தில் விடிந்ததும் எல்லோரும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்போம். கங்காணி பெயர் கூப்பிடுவார். குரல் கொடுத்தவருக்குத்தான் அன்றைக்கு வேலை. சாயங்காலம் கொழுந்து நிறுக்கும்போது மறுபடியும் கூப்பிடுவார்கள். பெயர் கூப்பிடாமல் யாரும் ஓர் இடத்துக்குப் போவதும் வருவதும் நான் பார்த்ததில்லை. ஆகவே, சந்தோஷமாகப் படகில் போக வந்த அத்தனை பேரையும் வெயிலில் வரிசையாக நிறுத்தி, நோட்டில் பெயரும் அப்பா பெயரும் எழுதி, சத்தமாகக் கூப்பிட்டு ஏற்றினேன். இறங்கும்போதும் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, இது படகுத்துறையா போலீஸ் ஸ்டேஷனா?" என்றார் ஓர் அம்மா. கோட்டுப் போட்ட ஒருவர், "நான் வக்கீல். எங்க அப்பா பேரு உனக்கெதுக்கு?" என்று கத்திவிட்டு நேரே பஞ்சாயத்துத் தலைவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

தலைவர் கெட்டவர் இல்லை. ஆனால் துறையைக் குத்தகைக்கு விட்டுவிட வேண்டும் என்று ஏற்கெனவே எண்ணம் வைத்திருந்தார். ஊட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் எடுத்து நடத்தத் தயாராக இருந்தார். அவர் தன் ஆட்களையே கூட்டி வருவார். நான், போஜன், மற்றப் படகுக்காரர்கள் எல்லோரும் வெளியே போக வேண்டியதுதான். வக்கீலின் புகார் தலைவருக்கு வசதியாகப் போயிற்று. "பஞ்சாயத்துக்கு இதெல்லாம் நடத்தத் தெரியாதுங்கறதுக்கு இதவிட என்ன வேணும்?" என்று சொல்லி, அடுத்த வாரக் கூட்டத்தில் முடிவு செய்யலாம் என்றார். பெயர் கூப்பிடுவதை உடனே நிறுத்தச் சொல்லியும் விட்டார். எனக்கு அந்த வேலை போனால், குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறி இறங்க வேறு வாசல் கிடையாது.

மறுநாள் கிளாக்கர் ஐயா துறைக்கு வந்தார். திட்டப்போகிறார் என்று பயந்தேன். அவர் கவிழ்த்துப் போட்டிருந்த படகின் மேல் உட்கார்ந்துகொண்டு, "நேத்து என்ன பண்ணுனீங்களோ அதையே இன்னிக்கும் பண்ணுங்க, பாக்கலாம்" என்றார். நாள் முழுக்கப் பார்த்தார். சாயங்காலம் என் நோட்டை வாங்கிப் புரட்டினார்.

"அப்பன் பேரு எதுக்குங்க அம்மணி?"

"ஒரே பேரு ரெண்டு பேருக்கு இருக்குமுங்க ஐயா. எங்க பெரட்டுல மட்டும் மூணு ராமாயி."

வாய்விட்டுச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார். "மத்தியானம் ஒரு பிள்ளத்தாச்சிய வெயில்ல நிக்க வெச்சீங்க. அது தப்பு. இவங்க வேலைக்கு வரலீங்க, சந்தோசத்துக்கு வந்திருக்கறாங்க. நிழல்ல உக்கார வெச்சு எழுதுங்க. கூப்பிடறப்ப கொஞ்சம் சிரிங்க. அப்பன் பேர விட்டுருங்க."

"தலைவரு கூப்பிடவே கூடாதுன்னுட்டாருங்களே?"

"கூட்டம் முடிவு பண்ற வரைக்கும் கூப்பிடுங்க. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க."

அப்போது அவருக்கு மூன்று பிள்ளைகள், இரண்டு தங்கைகள் கல்யாணத்துக்கு. தலைவரை எதிர்த்துக்கொண்டு அவர் வாழ முடியாது. அதை அவர் சொல்லவில்லை, நான் பிறகு தெரிந்துகொண்டேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் மத்தியானம், நல்ல வெயிலாக இருந்த ஆறு பத்து நிமிஷத்தில் மஞ்சுப் பனியால் மூடிக்கொண்டது. இந்த மலையில் மஞ்சு இறங்குவது உங்களுக்குத் தெரியும், எதிரில் நிற்கிறவர் முகம் தெரியாது. படகுகள் அவசரமாகத் திரும்பின. ஐந்தும் வந்துவிட்டன, எல்லோரும் வந்தாயிற்று என்றார்கள் படகுக்காரர்கள். நான் நோட்டை எடுத்துக் கூப்பிட்டேன். ஈரோட்டுக்காரர் ஒருவரும் அவர் மனைவியும் குரல் கொடுக்கவில்லை. மறுபடி கூப்பிட்டேன். இல்லை.

அந்தப் பக்கக் கரையில் கொஞ்ச நேரம் இறங்கிப் பார்ப்பது அப்போது வழக்கம். அடுத்த படகில் ஏறுவார்கள் என்று ஒரு படகுக்காரரும், முந்தின படகில் ஏறியிருப்பார்கள் என்று இன்னொருவரும் விட்டுவிட்டு வந்திருக்கிறார்கள். அந்தக் கரையில் யானை தண்ணீர் குடிக்க வரும். போஜனுக்கு முகம் வெளுத்துவிட்டது. உடனே படகைத் திருப்பினார். எனக்குச் செய்ய ஒன்றும் இல்லை. கடைசிப் படியில் நின்று அந்த இரண்டு பெயரையும் மஞ்சுக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் தூரத்தில் ஒரு பெண் குரல் கேட்டது.

"வந்துட்டேனுங்க! கூப்பிட்டது போதுமுங்க!"

படகு கரைக்கு வரும்போதே அந்த அம்மா கணவரிடம் சண்டை போட்டுக்கொண்டுதான் வந்தார். "பூவப் பறிக்க வேண்டாம்னு சொன்னேன், கேட்டீங்களா? அந்தப் புள்ள கூப்பிடலைன்னா யானைக்குத்தான் பூ வெச்சிருக்கோணும்!" அன்றும் துறைக்கு வந்திருந்த ஐயா கொட்டகைக்குள் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். என் நோட்டில் அந்த இரண்டு பெயருக்கு எதிரே நான் 'இறங்கினார்கள்' என்று எழுதியதும், நோட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டார். போகும்போது, "நாளைக்குப் பதினோரு மணிக்கு ஆபீஸ் வராந்தாவுல வந்து நில்லுங்க. கூப்பிட்டா உள்ள வாங்க, கூப்பிடலைன்னா காதக் குடுத்துக் கேட்டுக்குங்க" என்றார்.

உள்ளே கூப்பிடவில்லை. ஜன்னல் ஓரம் நின்று கேட்டேன். குத்தகைத் தீர்மானத்தை வாசிக்க வேண்டிய இடத்தில் ஐயா எழுந்து, ஒரு நிமிஷம் பேச அனுமதி கேட்டார். கூட்டத்தில் எழுதுவதுதான் அவர் வேலை, பேசுவது இல்லை. தலைவர், "சீக்கிரம் சொல்லுய்யா" என்றார்.

"துறைக்குப் பதினோரு விதிய எழுதுனவன் நானுங்க. எச்சில் துப்பக்கூடாது, படகுல எந்திரிச்சு நிக்கக்கூடாது, மீன் பிடிக்கக்கூடாது, எல்லாம் எழுதுனேன். ஏறறதுக்கு விதி இருக்குது. இறங்கறதுக்கு ஒண்ணுகூட இல்லீங்க. டிக்கெட் கிழிக்கற அம்மா பேரு கூப்பிடலைன்னா, நேத்து ரெண்டு பேர ஆத்துக்கு அந்தப் பக்கம் விட்டுட்டு, துறையப் பூட்டிட்டு வந்திருப்போம். அது என்னோட தப்புங்க."

ஓர் உறுப்பினர், அதையெல்லாம் குத்தகைக்காரர் பார்த்துக்கொள்ள மாட்டாரா என்றார்.

"குத்தகைக்காரருக்கு ஆளு ஏறுனாப் போதுமுங்க. இறங்குனாங்களான்னு பாக்கறது போர்டு வேலைங்க."

பிறகு தலைவர் குரல் கேட்டது. "அப்ப, நேத்து வந்த சிலோன்காரம்மா நமக்குச் சட்டம் சொல்லித் தர்றாங்களாக்கும்?"

"சொல்லித் தந்தாங்க. நான் எழுதிட்டேன். நீங்க கையெழுத்துப் போட்டீங்கன்னா சட்டமுங்க."

நாற்காலிகள் அசையும் சத்தம். யாரோ சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டார் என்று நினைக்கிறேன், ஏனென்றால், "வாசிய்யா அதை" என்ற குரலில் கோபம் இல்லை. ஐயா வாசித்தார். 'ஏறியவர் பெயர் சொல்லி அழைக்கப்பட்டு, அனைவரும் இறங்கிய பின்னரே துறை மூடப்படும்.' அதுதான் பன்னிரண்டாம் விதி. துறையை ஒரு வருஷம் போர்டே நடத்திப் பார்ப்பது என்று முடிவாயிற்று. அந்த ஒரு வருஷம் இன்னும் முடியவில்லை. நான் அங்கேயே நிரந்தரமாகி, அங்கேயே ஓய்வு பெற்றேன்.

அவரோடு எனக்குச் சண்டையே வந்ததில்லை என்று எழுதினால் போஜன் சிரிப்பார். எங்களைப் போல இலங்கையிலிருந்து வந்து ஆற்றோரம் குடிசை போட்டிருந்த பெண்கள் துறைப் படியில் துணி துவைக்கக் கூடாது என்று ஒரு நாள் பலகை வைத்துவிட்டார். "தண்ணிக்கு நாங்க எங்கங்க போறது, திரும்பச் சிலோனுக்கா?" என்று ஆபீசிலேயே கேட்டுவிட்டுப் பத்து நாள் அவரோடு பேசவில்லை. அவரும் பேசவில்லை, பிடிவாதக்காரர். பதினோராம் நாள் தடுப்பணைக்குக் கீழே கொத்தனார்கள் படி வெட்டிக்கொண்டிருந்தார்கள். துவைப்பதற்குத் தனிப் படி. என்னைப் பார்த்து, "கல்லு வழுக்காம இருக்குதான்னு நீங்களே பாத்துச் சொல்லுங்க" என்றார், பத்து நாளும் பேசிக்கொண்டிருந்தவர் மாதிரி.

அதே சமயத்தில்தான் ஒரு கேள்வி கேட்டார். "கப்பல்ல ஏறறப்ப உங்க பேர எல்லாம் கூப்பிட்டாங்களா அம்மணி?" கூப்பிட்டார்கள், மூன்று இடத்தில் கூப்பிட்டார்கள் என்றேன். "இங்க வந்து இறங்குனப்பறம்?" முகாமை விட்டு வந்தபின் எங்களை யாரும் பெயர் சொல்லித் தேடியதில்லை என்றேன். அடுத்த வாரம் அவர் என்னையும் நோட்டையும் கூட்டிக்கொண்டு ஆற்றோரக் குடிசைகளுக்கு வந்தார். வாசல் வாசலாக நின்று, வந்து சேர்ந்தவர் எல்லோர் பெயரையும் என்னையே எழுதச் சொன்னார். பிறந்து எட்டு நாள் ஆன பிள்ளைக்குப் பெயர் வைக்கவில்லை என்றார்கள். "வெச்சதும் சொல்லி அனுப்புங்க, ஒரு வரி விட்டு வெக்கறோம்" என்றார். அந்தப் பட்டியலை வைத்துத்தான் எங்களுக்குத் தெருக்குழாயும் ரேஷன் கார்டும் வந்தன.

அவரை அறிந்தவர்கள் நீங்கள், ஆளுக்கொரு நினைவு வைத்திருப்பீர்கள். என்னிடம் அவர் விட்டுப் போனது ஒரு பழக்கம். யாரையும் வழியனுப்பியதோடு என் வேலை முடிந்தது என்று நான் நினைப்பதில்லை. போய்ச் சேர்ந்த குரல் கேட்கும்வரை மனம் படியிலேயே நிற்கும். அவர் காரியம் முடிந்து, தன் ஊருக்குத் திரும்பிய அவர் மகளுக்கு அன்று சாயங்காலம் போன் போட்டேன். "அம்மணி, ஊடு போய்ச் சேந்துட்டீங்களா?" என்றேன். "சேந்துட்டேனுங்க அத்தை" என்றாள். அதன் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.