கொம்பில்லாத வண்டுக்கு யூனிஸ் என்று பேர்

சேலையூர்ப் பள்ளி ஒன்றில் பயாலஜி நடத்தும் வில்பிரட் சாருக்கு ஒரு வாரமாக இருப்புக் கொள்ளவில்லை. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போனார், அதுவும் மூன்று நாள். பரீட்சைப் பேப்பரைத் திருத்த உட்கார்ந்தால் இரண்டாவது பேப்பரிலேயே எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவார். எல்லாம் ஒரு சாணி வண்டால் வந்த வினை.

மனிதர் இருபது வருஷமாக லீவு நாளெல்லாம் சாணியைக் கிளறுகிறவர். ஆறேழு வருஷத்துக்கு முன் படப்பைப் பக்கம் கொம்பில்லாத குட்டி ஆண் வண்டு இரண்டு கிடைத்தன. வண்டை வகை பிரிப்பவர்கள் கடைசியில் நம்புவது ஆணுறுப்பின் வடிவத்தைத்தான். இருப்பதே இரண்டு, வெட்டிப் பார்க்க இவருக்கு மனசு வரவில்லை. புது இனம் என்று கட்டுரை எழுதி, மனைவி யூனிஸின் பேரை வைத்துவிட்டார். அச்சில் வந்ததும் சர்ச்சில் யூனிஸைக் கையில் பிடிக்க முடியவில்லை. சேலை வாங்கித் தந்த புருஷன்மார் ஆயிரம் பேர் உண்டு, வண்டு தந்தவர் இவர் ஒருத்தர்தானே.

போன சனிக்கிழமை அதே படப்பையில், ஒரே சாணிக்குவியலில் பதினெட்டு ஆண் வண்டு அகப்பட்டது. வீட்டில் வரிசையாக வைத்தார். முதலாவதுக்குப் பெரிய கொம்பு, அடுத்ததுக்குக் கொஞ்சம் குட்டை, அப்புறம் வெறும் மேடு, கடைசியில் ஒன்றுமே இல்லை. எங்கே கோடு கிழிப்பது? புழுவாக இருக்கையில் வயிறாரத் தின்னாதது கொம்பில்லாமல் வளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். பெரிய கொம்புக்காரனுக்கு நூறு வருஷத்துக்கு முன்பே எவரோ பேர் வைத்தாயிற்று. பழைய இரண்டில் ஒன்றையும் இப்போது வெட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். கொம்புக்காரனுடைய உறுப்புக்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை.

பேசாமல் விட்டால் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அதுதான் அவரை அரித்தது. யூனிஸிடம் எந்த முகத்தோடு சொல்வது என்பது அதைவிட அரித்தது. ஞாயிறு பிரசங்கத்தின் நடுவில் இரண்டு தடவை எழுந்து வெளியே போய் வந்தார்.

மத்தியானம் சாப்பாட்டில் யூனிஸ் கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க ஆச்சு? டாக்டர் ஏதாவது சொன்னாரா?"

"டாக்டர் இல்ல. உன் வண்டு தனி இனம் இல்ல யூனிஸ். அவசரப்பட்டுட்டேன். இனிமே அந்தப் பேர் செல்லாதுன்னு நானே எழுதணும்."

அவள் முகம் வாடித்தான் போனது. ரசத்தை ஊற்றினாள். பிறகு கேட்டாள்: "அழிச்சிடுவாங்களா?"

"அழிக்க மாட்டாங்க. பழைய பேருக்குக் கீழ, தப்பா வெச்ச பேர்னு எப்பவும் இருக்கும்."

"எப்படி இருக்கும்? எழுதிக் காட்டுங்க."

இடது கையால் நியூஸ்பேப்பர் ஓரத்தில் கோணல்மாணலாக எழுதினார். முதலில் லத்தீன் வால் ஒட்டிய வண்டின் பேர், பக்கத்தில் அதை வைத்தவர் பேர், வருஷம். அதுதான் முறை. யூனிசே வில்பிரட், 2018.

யூனிஸ் அதை இரண்டு தடவை படித்தாள். "என் ஆதார் கார்டுலயும் இப்படித்தானே இருக்கு," என்றாள். "தப்பு உங்களுது, பேரு என்னுது. ரெண்டும் ஒண்ணாவே கிடக்கட்டும். நாளைக்கே எழுதி அனுப்பிடுங்க."